மட்கார்டில் ஒரு கம்பி

பழைய டிராக்டர்களைப் புதுப்பிப்பவர்களின் வாட்ஸ்அப் குழுவில் பல்லடத்துக்காரர் ஒருவர் காணொளி போட்டிருந்தார். மட்கார்டின் மேல் பற்றவைத்திருந்த வளைந்த கம்பியைக் காட்டி, “ஏனுங்க, இது கம்பெனி வெச்சதுங்களா? வெட்டிரலாமுங்களா?” என்று கேட்டார்.

அது அப்பா விற்ற வண்டி.

கம்பி வருவதற்கு முன்பு நானும் தம்பியும் அந்த மட்கார்டில்தான் உட்காருவோம். டீசல் வாடையும் புழுதியும் முகத்தில் அடிக்கும். பள்ளம் வந்தால் அப்பா உள்ளங்கையால் தகரத்தைத் தட்டுவார். “புடிச்சுக்க கண்ணு!” பிடிக்க எதுவும் இருக்காது, ஒருவரையொருவர் பிடித்துக்கொள்வோம்.

எனக்குக் காய்ச்சல் வந்த நாளில் தம்பி மட்டும் போனான். கடலைக்காட்டு வரப்பில் விழுந்தான். பின்சக்கரம் அவன் பாதத்தில் ஏறியது.

அவன் ஆஸ்பத்திரியில் இருந்தபோதே அப்பா பட்டறைக்குப் போய்க் கம்பி வைத்தார். தம்பி அதன்பின் வண்டியில் ஏறவே இல்லை. அப்பா மட்டும், ஆளில்லாத அந்தக் கம்பியைத் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி ஓட்டினார்.

குழுவில், “வெட்டுங்க, ஒரிஜினலா இருக்கோணும்” என்று பலரும் எழுதிக்கொண்டிருந்தார்கள். வேண்டாம் என்று எழுதப்போனேன். ஆனால் கால் அவனுடையது. பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கும் தம்பிக்குக் காணொளியை அனுப்பிக் கேட்டேன்.

மதியம் குரல்பதிவு வந்தது. பின்னால் தையல் மிஷின்களின் இரைச்சல்.

“வெட்டச் சொல்லீருங்கக்கா. நான் விழுந்தது ஒருக்காதான். அதைப் பாக்கறப்பெல்லாம் அப்பாவுக்கு நான் விழுந்துட்டே இருந்தேன்.”