வெள்ளக்கல்லில் 1789

யோகராணி நோர்வேயில் கால் வைத்ததே இல்லை. ஆனால் ஹாமரைப் பற்றித் தொடங்கினால் வாய் ஓயாது. ஒரே மகள் பிரசாந்தி கலியாணம் கட்டிப் போன ஊரெல்லோ! மியோசா ஏரிக்கரையில் இருக்கிற சின்ன ஊர். 1567இல் சுவீடன் படை கொளுத்திய தேவாலயத்தின் மிச்சச் சுவர்களைக் கண்ணாடிக் கூரை போட்டுக் காக்கிறார்கள். பிறகு முந்நூறு வருஷத்துக்குக் கிட்ட ஊரென்று ஒன்றில்லை, 1849இல்தான் திரும்ப எழும்பியது. எல்லாம் மனப்பாடம். "ஒருக்கா எரிஞ்ச ஊர், இன்னொருக்கா எரியாதெண்டு என்ன நிச்சயம்?" என்பாள். அட மனுசி, அந்தக் காலத்து நெருப்புக்கு இப்பவா நெஞ்சிடிக்கிறது!

ஓக்லாந்தின் த்ரீ கிங்ஸ் பகுதியில் அவளுக்கு மருந்துக்கடை வேலை. தேத்தண்ணி நேரத்தில் போனில் ஹாமரின் காலநிலையைப் பார்ப்பாள். "இஞ்ச ஓக்லாந்துக்கே வந்திருங்கோ" என்று இரண்டு வருஷமாகக் கெஞ்சுகிறாள். "யோசிப்பம்" என்கிறாள் மகள். அந்த ஒரு சொல்லில்தான் யோகராணியின் உயிர் தொங்கியது.

வியாழனன்று பிரசாந்தி எழுதினாள்: "ஏரி உறைஞ்சிட்டு. நாளைக்கு வேலை முடிய ஐஸில நடக்கப் போறம்." சனி காலை எட்டுக்கு, அங்கே வெள்ளி இரவு எட்டுக்கு, வழமையாக வருகிற போன் கோல் வரவில்லை. ஒன்பதாகியும் இல்லை. "சும்மா இரப்பா" என்றார் கணவர் ஜெயரட்ணம். அவளால் எப்படிச் சும்மா இருக்க முடியும்?

பத்துக்கு மருமகன் அகில் கோல் எடுத்தான். "மாமி, மாமா பக்கத்தில நிக்கிறாரோ? முதல்ல கதிரையில இருங்கோ."

எங்கட சனத்தில் இப்படித் தொடங்கினால் செய்தி ஒன்றுதான், சாவு. ஹாமரில் பிறந்து வளர்ந்த பெடியனுக்கு அது எங்கே தெரியும்? "ஐயோ, என்ர பிள்ளையை ஐஸ் விழுங்கிப்போட்டுதே!" என்று யோகராணி நிலத்தில் சரிந்தாள். ஜெயரட்ணம் ஓடிவந்து போனைப் பறித்து ஸ்பீக்கரில் போட்டார்.

"அம்மா! ஏன் குழறுறீங்கள்? வீடு வாங்கிட்டம்! ஜன்னலைத் திறந்தா ஏரி! இவ்வளவு நேரமும் அந்த அலுவல்தான்."

பிள்ளை உயிரோடு இருக்கிறாள். இனி இங்கே வரமாட்டாள். இரண்டும் ஒரே மூச்சில் வந்தன. "சந்தோஷமெண்டு சொல்லு" என்று ஜெயரட்ணம் கண்ணைக் காட்டினார்.

"சந்தோஷம் பிள்ளை." மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அந்த ஏரிக்கரையில வெள்ளக்கல் ஒண்டு நிக்குதெல்லோ? வெள்ளம் வந்த வருஷங்களுக்குக் கோடு கீறினது. எல்லாத்திலயும் உயரமான 1789ஆம் ஆண்டுக் கோட்டுக்கு உங்கட வாசல்படி மேலயோ, கீழயோ?"

"தெரியாதம்மா. நான் அதைப் பாத்ததே இல்லை."

"விடிஞ்சதும் போய்ப் பாத்துச் சொல்லு" என்றாள் யோகராணி. "ஐஸில இறங்காதை. ரோட்டால போ."