மாற்று ஆள் தேறுவானா?

ஆலையின் மாத இதழுக்கு லைல் டெல்வோவைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். பதினேழு வருடம் அவனோடு ஒரே இயந்திரத்தில் நின்றவன் நான் என்பதால் என்னிடம் வந்தார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு எழுதிக் கொடுத்தேன். பொறுமைசாலி, நேரம் தவறாதவன், யார் மனதையும் புண்படுத்தாதவன் என்றெல்லாம் அதில் இருந்தது. எல்லாம் உண்மைதான். அதில் விட்டுப்போனதை இங்கே எழுதுகிறேன். இதில் அவன் பெருமையைவிட என் சிறுமைதான் அதிகம் தெரியும். தெரிந்துவிட்டுப் போகட்டும்.

எங்கள் ஆலையில் செய்வது டிஷ்யூ காகிதம். விஸ்கான்சினில் பாதிப் பேர் எங்கள் காகிதத்தில்தான் மூக்கைச் சிந்துகிறார்கள். ஒவ்வொரு இயந்திரத்துக்கும் ஒரு முதல் ஆள் உண்டு. வேகத்தைக் கூட்டுவது, குறைப்பது, காகிதம் அறுந்தால் என்ன செய்வதென்று சொல்வது எல்லாம் அவன் பொறுப்பு. அவனுக்குக் கீழே இரண்டாவது ஆள். நாலாம் நம்பரில் நான், ஜெரால்ட் ஸ்கோர்னிக்கா, முதல் ஆள். லைல் இரண்டாவது.

லைலுக்கு இரண்டாவது இடம் ஆலையில் மட்டுமல்ல. பந்தை உருட்டிக் கட்டைகளைச் சாய்க்கும் பௌலிங் குழுவில் யாராவது வராவிட்டால் அவனைக் கூப்பிடுவார்கள். மாதாகோவிலில் காணிக்கைத் தட்டு ஏந்துகிறவருக்குக் காய்ச்சல் வந்தால் அவன்தான் ஏந்துவான். கூப்பிட்டால் வருவான், கூப்பிடாவிட்டால் வருத்தப்பட மாட்டான். தினமும் வெங்காயம் வைத்த ஈரல் சாண்ட்விச்சைத் தின்றுவிட்டு, யாரோ விருந்து வைத்த மாதிரி திருப்தியாக வாயைத் துடைத்துக்கொள்வான். எப்படி ஒரு மனிதனுக்கு வயிறு எரியாமல் இருக்கும் என்று எனக்கு ஆத்திரமாக வரும். எனக்குத்தான் எல்லாவற்றுக்கும் எரியுமே.

அந்த வருடம் ஆகஸ்டில் என் முழங்காலை அறுத்து ஆப்பரேஷன் செய்தார்கள். வசந்தம் வரை ஏணி ஏறக்கூடாது என்றார் டாக்டர். நாலாம் நம்பர் லைல் கைக்குப் போனது. அது போதாதென்று, ஆலையிலேயே பெரிய இயந்திரமான ஆறாம் நம்பரின் முதல் ஆள் நவம்பரில் ஓய்வு பெறுவதாகச் செய்தி வந்தது. அந்த இடத்துக்குப் பத்து வருடமாகக் காத்திருந்தவன் நான். நொண்டிக் காலோடு அது கிடைக்காது என்று தெரியும். எனக்குக் கிடைக்காதது லைலுக்கும் கிடைக்கக் கூடாது. அந்த இலையுதிர்காலம் முழுக்க நான் செய்த பிரார்த்தனை அது ஒன்றுதான்.

வீட்டில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தவனுக்கு ஒரே ஆறுதல் எங்கள் ஃபேன்டஸி ஃபுட்பால் போட்டி. ஆலைக்காரர்கள் பத்துப் பேர், டாட்டியின் மதுக்கடையில் பதினைந்து வருடமாக நடத்துகிறோம். நிஜ வீரர்களைப் பிரித்தெடுத்து ஆளுக்கொரு கற்பனை அணி வைத்துக்கொள்வோம். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் மைதானத்தில் செய்வதெல்லாம் எங்களுக்குப் புள்ளிகளாகும். வாரம் ஒருவரோடு ஒருவர் மோதுவோம். நான் மூன்று முறை கோப்பை வாங்கியவன். லைல் எப்போதும் ஏழாவதோ எட்டாவதோ.

மூன்றாவது வாரம், பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிற என் குவாட்டர்பேக் காறையெலும்பு முறிந்து விழுந்தான். என் கற்பனை அணியின் பாதி பலம் அவன். அவனுக்குப் பதிலாக கோல்பி ரஸ்க் என்று ஒரு மாற்று ஆள் இறங்கினான். இரண்டு வருடமாகக் குறிப்பெழுதும் அட்டையும் பென்சிலுமாக ஓரத்தில் நின்றவன். இருபது முறை எறிந்தான், ஒன்பதுதான் போய்ச் சேர்ந்தது. ஒன்றை நேராக எதிரணிக்காரன் நெஞ்சில் எறிந்தான்.

"இவனுக்கு ஒரு டிஷ்யூ ரோல் குடுங்கடா, அழப்போறான்!" என்று டாட்டி கல்லாவில் இருந்து கத்தினாள். கடையே சிரித்தது.

நான் சிரிக்கவில்லை. எறிய வழியில்லாதபோதெல்லாம் ரஸ்க் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடியதைக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன். அறுபத்தொரு கெஜம் ஓடியிருந்தான். எங்கள் விதிப்படி, எறிந்த பந்து எல்லைக்கோட்டைத் தாண்டி டச்டவுன் ஆனால் எறிந்தவனுக்கு நாலு புள்ளி, தானே ஓடிப் போட்டால் ஆறு. பத்து கெஜம் ஓடினாலே ஒரு புள்ளி. ஓடுகிற குவாட்டர்பேக் எறிவதில் கோட்டை விட்டாலும் ஓட்டத்தில் ஈடுகட்டிவிடுவான். அவன் அணி அடுத்து மோதப்போவதோ, ஓடுகிறவனைப் பிடிக்கத் தெரியாத அணி. ரஸ்க் தேறுவான் என்று எனக்குப் பட்டது. நிமிர்ந்து பார்த்தேன். கடையின் மூலையில் லைலும் சிரிக்காமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அங்கேதான் சிக்கல். யாருக்கும் சொந்தமில்லாத வீரனைக் கேட்டு செவ்வாய்க்கிழமை இரவுக்குள் பதிவு செய்ய வேண்டும். இரண்டு பேர் கேட்டால், புள்ளிப் பட்டியலில் கீழே இருப்பவனுக்கே முன்னுரிமை. நான் முதலிடத்தில் இருந்தேன், லைல் எட்டாவது. மற்றவர்களுக்கெல்லாம் நல்ல எறிகாரன் இருந்தான். லைல் கேட்டால் எனக்கில்லை.

செவ்வாய் மதியம் அவனே என் வீட்டுக் கதவைத் தட்டினான். கையில் ஒரு வாளி. மாதாகோவிலில் அண்டா அண்டாவாகக் காய்ச்சும் பூயா சூப், கோழியும் மாட்டெலும்பும் போட்டது.

"கால் எப்படிடா இருக்கு?"

"காலு இருக்கிற இடத்துலதான் இருக்கு. மெஷின் எப்படி ஓடுது?"

"ஏதோ ஓடுது. பதினோரு நாளா பேப்பர் அறுபடல."

பதினோரு நாள். என் கையில் அது ஆறு நாளைத் தாண்டியதில்லை. என் மனைவி கோரின் வாளியை வாங்கிக்கொண்டே, "அடேயப்பா! அப்ப நீ ஜெரால்டைவிடக் கெட்டிக்காரன்தான் போல!" என்றாள். சூப்பை வாளியோடு வாசலில் கொட்டத் தோன்றியது எனக்கு.

"சும்மா இரு கோரின். அவன் சொல்லிக் குடுத்ததத்தான் நான் செய்யறேன்," என்றான் லைல். பிறகு என் பக்கம் திரும்பினான். "உன்கிட்ட ஒண்ணு கேக்கணும். அந்த ரஸ்க் பய தேறுவானா? எடுக்கலாமான்னு பாக்கறேன். உனக்குத்தான் இதெல்லாம் தெரியும்."

ஒரு நொடிகூட யோசிக்கவில்லை நான்.

"வேணாம்டா. ஓரத்துல நிக்கறதுக்குன்னே பொறந்தவன் அவன். கூட்டம் கத்தினா கை நடுங்குது, பாத்தேல்ல? ரெண்டு வாரத்துல தூக்கிருவாங்க."

லைல் சூப் வாளியைப் பார்த்தபடி தலையாட்டினான். "அப்படியா? சரி, நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்."

அவன் போனதும் ரஸ்க்கைக் கேட்டுப் பதிவு செய்தேன். சூப்பை இரண்டு கிண்ணம் குடித்தேன். நன்றாக இருந்தது, அதுவும் எரிச்சலாக இருந்தது.

புதன் காலை பட்டியல் எல்லோர் போனிலும் வந்தது. ரஸ்க் ஸ்கோர்னிக்காவுக்கு. எங்கள் போட்டியில் யார் யாரைக் கேட்டார்கள் என்பது ஒளிவு மறைவில்லாமல் தெரிந்துவிடும். பொய் சொல்லும்போது அது என் மண்டையில் ஏறவில்லை. அந்த வாரம் நான் மோத வேண்டியது லைலோடு என்பது வேறு.

வெள்ளிக்கிழமை மீன் வறுவலுக்கு டாட்டி கடைக்கு ஊன்றுகோலோடு போனேன். போகாமல் இருந்தால் பயந்துவிட்டதாகச் சொல்வார்கள். லைல் தன் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்தான். சண்டைக்கு வருகிறான் என்று நினைத்து நான் பதிலெல்லாம் தயாராக வைத்திருந்தேன்.

"என்கிட்ட வேணாம்னுட்டு நீயே எடுத்துட்டே," என்றான்.

"என் ஆளு எலும்பு ஒடைஞ்சு கெடக்கான். நான் வேற என்ன செய்ய?"

"எடுத்தது தப்பில்ல. கேட்டிருந்தா நானே விட்டுக் குடுத்திருப்பேன்." உருளைக்கிழங்கு அப்பத்தின் மேல் ஆப்பிள் விழுதைத் தடவிக்கொண்டே சொன்னான். "ஆனா எடுத்தவன பெஞ்ச்ல உக்கார வைக்காத. ஞாயித்துக்கெழம எறக்கு. நல்லா ஆடுவான்."

"எப்படித் தெரியும்?"

"போன வாரம் திடீர்னு தள்ளி விட்டாங்க அவன. ரெண்டு வருஷமா ரெண்டாவது செட் ஆளுங்களோடதான் எறிஞ்சு பழக்கம். பெரிய ஆளுங்க எவ்ளோ வேகமா ஓடுவாங்கன்னே கைக்குத் தெரியாது. இந்த வாரம் முழுக்க அவங்களோட எறிஞ்சிருப்பான். எனக்கும் மொத நாள் நாலாம் நம்பர்ல கை நடுங்குச்சு. ரெண்டாவது வாரம் நடுங்கல."

"இந்த வாரம் நான் மோதறது உன்னோடடா. என்கிட்ட வந்து இதச் சொல்றே?"

"அதுக்காகப் பொய்யா சொல்ல முடியும்?"

எழுந்து போய்விட்டான். டாட்டி எனக்கு முன்னால் பிராந்தியை டொக்கென்று வைத்தாள். "ஏன்டா மொகம் இப்படி இருக்கு? மீன் முள்ளு மாட்டிக்கிச்சா?"

சனிக்கிழமை முழுவதும் அவன் சொன்னதையே போட்டு உருட்டினேன். நான் அவனிடம் பொய் சொன்னேன். அவன் திருப்பி என்னிடம் பொய் சொல்லாமல் விடுவானா? நானாக இருந்தால் விடமாட்டேன். ரஸ்க்கை இறக்கு என்கிறானென்றால் இறக்கக் கூடாது என்று அர்த்தம். கோரினிடம் சொன்னேன்.

"லைலா? பொய்யா? அந்த மனுசனுக்குப் பொறந்த நாள் பார்ட்டியக்கூட மறைச்சு வைக்கத் தெரியாதேய்யா," என்றாள்.

அவள் அவன் பக்கம் பேசியதே எனக்குப் போதுமானதாக இருந்தது. இன்னொரு காரணமும் உண்டு, சொல்லிவிடுகிறேன். ரஸ்க் ஜெயித்தால் ஒரு மாற்று ஆள் ஜெயித்ததாக ஆகிவிடும். அது எனக்கே புள்ளி தந்தாலும் பிடிக்கவில்லை. யாரும் கேட்காமல் மிச்சமிருப்பவர்களை எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்; முப்பத்தெட்டு வயதான, பேர்பெற்ற ஒரு பழைய எறிகாரனை எடுத்து இறக்கினேன். ரஸ்க்கை பெஞ்சில் வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ரஸ்க் மூன்று டச்டவுன் எறிந்தான், ஒன்று ஓடிப் போட்டான். முப்பத்து நாலு புள்ளி. பெஞ்சில் இருப்பவனின் புள்ளி கணக்கில் வராது, பக்கத்தில் சாம்பல் நிறத்தில் சும்மா காட்டும். என் கிழவன் எடுத்தது ஒன்பது. லைலிடம் ஆறு புள்ளியில் தோற்றேன். ரஸ்க் ஒவ்வொரு டச்டவுன் எடுத்தபோதும் கடையில் எல்லோரும் எழுந்து என்னைப் பார்த்துக் கைதட்டினார்கள். லைல் மட்டும் கைதட்டவில்லை. "சொன்னேனேடா," என்றான், நிஜமாகவே வருத்தமாக. அவன் குத்திக்காட்டியிருந்தால் அன்றிரவு நன்றாகத் தூங்கியிருப்பேன்.

அக்டோபர் கடைசியில் சூப்பர்வைசர் வெண்டல் வீட்டுக்கு வந்தார். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர், ஷூவை வாசலிலேயே கழற்றிவிட்டு வரும் மரியாதைக்காரர். ஒருவனை முதல் ஆளாக ஆக்கும் முன், அவன் யாரிடம் இரண்டாவது ஆளாக இருந்தானோ அவரிடம் கேட்டு எழுதிக்கொள்வது எங்கள் ஆலை வழக்கம். அவர் நல்லபடியாகச் சொல்லவில்லை என்றால் அந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

"ஆறாம் நம்பருக்கு லைல் பேரு வந்திருக்கு ஜெரால்ட். நீங்க என்ன சொல்றீங்க? தனியா ஒரு மெஷின ஓட்டுவாரா?"

கோரின் சமையலறையில் இருந்தாள். எனக்கு ஆறாம் நம்பரின் சத்தம் காதில் கேட்டது. அதன் முன்னால் லைல் நிற்பது தெரிந்தது, வெங்காய சாண்ட்விச்சோடு.

"ரெண்டாவது ஆளா அவன மாதிரி கெடைக்காது," என்றேன். "ஆனா தனியா விட்டா... கஷ்டம். சொல்ல ஒரு ஆள் வேணும் அவனுக்கு."

என் குரல் அவ்வளவு நியாயமாக ஒலித்தது. வெண்டல் எழுதிக்கொண்டார். கொஞ்சம் ஏமாற்றம் முகத்தில். பேனாவை மூடிவிட்டுக் காபியைக் குடித்தார்.

"அப்புறம் உங்க விஷயம். பன்னெண்டு வாரத்துக்கு மேல லீவு போனா உங்க எடத்த நெரந்தரமா வேற ஆளுக்குக் குடுத்துடலாம்னு ரூல் இருக்கு, தெரியுமில்ல? மேலிடத்துல குடுத்துடச் சொன்னாங்க. போன வாரம் லைலக் கூப்பிட்டு, நாலாம் நம்பர நீங்களே வச்சுக்குங்கன்னேன்."

"என்ன சொன்னான்?"

"அது ஜெரால்டோட மெஷின், வேணாம்னுட்டாரு. வசந்தம் வரைக்கும் நான் பாத்துக்கறேன், அவன் வர்ற வரைக்கும் காத்திருங்க, அவன மாதிரி முதல் ஆள் இந்த ஆலையில இல்லன்னாரு. மேல இருக்கிறவங்ககிட்ட அதையே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்தாரு. அதனால உங்க எடம் உங்களுக்குத்தான்."

பொறாமை போய்விட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். இன்னும் கூடியது. கடைசியில் இதிலும் அவனே என்னைவிடப் பெரியவனாகிவிட்டானே என்று அடிவயிறு பற்றிக்கொண்டு எரிந்தது. வெண்டல் எழுந்து வாசலுக்குப் போய்க் குனிந்து ஷூ மாட்டத் தொடங்கினார்.

"வெண்டல்," என்றேன். "அத அடிச்சிடுங்க."

"எத?"

"லைலப் பத்தி நான் சொன்னத. அடிச்சிட்டுத் திரும்ப எழுதுங்க. ஓட்டுவான். தனியாவே ஓட்டுவான்."

வெண்டல் ஒரு காலில் ஷூவோடு நின்று தாளை எடுத்தார். "நல்லா ஓட்டுவாரா, சுமாரா ஓட்டுவாரா? அதையும் எழுதணும்."

"என்னைவிட நல்லா ஓட்டுவான்," என்றேன். அவர் பேனா நகர்ந்ததும் தாங்கவில்லை எனக்கு. "இருங்க இருங்க, 'என்னைவிட' வேணாம். 'நல்லா ஓட்டுவான்'னு மட்டும் போடுங்க."