வெளியே பூட்டு, உள்ளே நான்

பௌர்ணமி என்றால் ஊருக்கெல்லாம் திருவண்ணாமலை ஞாபகம் வரும். திருவண்ணாமலைக்காரனுக்குத் தலைவலிதான் வரும். பால் வாங்கப் போனவன் தெருவுக்குத் திரும்பி வர முடியாது. பைக்கை எடுத்தால் எங்கே கொண்டுபோய் நிறுத்துவதென்று தெரியாது. மலையைச் சுற்ற வேண்டுமென்றால் நாங்கள் ஏதாவது ஒரு செவ்வாய்க்கிழமை விடியலில் சத்தமில்லாமல் சுற்றிவிட்டு வந்து காபி குடிப்போம். பௌர்ணமி வெளியூர்க்காரர்களுக்கு என்று விட்டுவிட்டோம்.

என் வீடு செங்கம் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சின்னத் தெருவில் இருக்கிறது. வாடகை வீடு, அப்பா அம்மா காலத்திலிருந்து அதேதான். தெருமுனையை ஒட்டியே கிரிவலப் பாதை. இப்படி ஒரு இடத்தில் வீடு இருந்தால் சொந்தக்காரர்கள் விடுவார்களா? ஒவ்வொரு பௌர்ணமிக்கும் பையும் கையுமாக வந்து இறங்குவார்கள். வாசலில் செருப்பு குவியும். பாத்ரூமுக்கு வரிசை நிற்கும். சுற்றிவிட்டு வந்தவர்கள் கால் ஊற வைக்க அம்மாவின் பித்தளை அண்டாவில் வெந்நீர் கொதித்துக்கொண்டே இருக்கும். "வீடா இது, சத்திரமா?" என்று கத்துவேன். கத்திவிட்டு நானே போய்த் தக்காளி வாங்கி வருவேன். தக்காளி சாதம் கிளறுவது என் அக்கா. கீழ்பென்னாத்தூர் பக்கம் வாழ்க்கைப்பட்டவள். ஒரு பௌர்ணமி தவறமாட்டாள். அவள் மலையைச் சுற்ற வருகிறாளா, என்னைத் திட்ட வருகிறாளா என்று எனக்கு எப்போதும் சந்தேகம்தான். "இன்னாடா வூடு இது, பேயி குடித்தனம் பண்ற மாதிரி" என்று துடைப்பத்தை எடுத்துக்கொண்டுதான் உள்ளே நுழைவாள்.

எனக்குக் கல்யாணம் அமையவில்லை. அமைய வேண்டிய வயதில் நான் ஸ்கூட்டர் வாங்கிக்கொண்டிருந்தேன். ஆசிரமம் பக்கம் தங்கும் வெள்ளைக்காரர்களுக்கு நாள் வாடகைக்கு விட. நன்றாகத்தான் ஓடியது. ஒன்று இரண்டாகி, இரண்டு பத்தானது. எல்லாம் தவணை. பிறகு ஊரடங்கு வந்தது, ஒரு வெள்ளைக்காரனும் வரவில்லை, ஸ்கூட்டர்கள் தூசி பிடித்து நின்றன. தவணைக்கு நோய் நொடி கிடையாதே. ஸ்கூட்டர் தவணை கட்ட கிரெடிட் கார்டில் எடுத்தேன், கார்டுக்குக் கட்ட இன்னொரு கார்டு, அதற்குக் கட்ட செல்போன் ஆப்பில் கடன். புத்தி எங்கே போச்சு என்று இப்போது கேட்டால் என்ன சொல்ல? பயத்தில் இருப்பவனுக்கு அடுத்த வாரம் மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும்.

பிறகு வசூல்காரர்கள் வர ஆரம்பித்தார்கள். வாசலில் நின்று, தெருவே கேட்கிற மாதிரி, ரொம்ப மரியாதையாகப் பேசுவார்கள். "சார் இருக்கீங்களா சார், உங்களுக்கு மானம் ரோஷம் இருக்குதா சார்?" அப்போது கற்றுக்கொண்டதுதான் அந்தப் பூட்டு வித்தை. முன்கதவை வெளியில் பூட்டிவிடுவேன். வீட்டுக்கும் காம்பவுண்டு சுவருக்கும் நடுவில் ஓர் ஆள் ஒருக்களித்துப் போகிற இடைவெளி. அது வழியாகப் பின்பக்கம் போய், பின்கதவால் உள்ளே நுழைந்து தாழ் போட்டுக்கொள்வேன். லைட் கிடையாது, ஃபேன் கிடையாது. பூட்டைப் பார்த்துவிட்டு அவர்கள் போய்விடுவார்கள்.

கடைசியில் கடனில் மாட்டியவர்களுக்காக வங்கிகளிடம் பேசித் தருகிற ஒரு கம்பெனியைப் பிடித்தேன். அவர்கள் எல்லாக் கடனையும் ஒன்றாகக் கூட்டி, வட்டியைக் குறைக்க வைத்து, மாதம் ஒரே தவணையாக ஆக்கிக் கொடுத்தார்கள். ஐந்து வருஷம். ஸ்கூட்டர்களையெல்லாம் ஒப்படைத்தேன். கார்டுகளைக் கத்தரிக்கோலால் வெட்டிப் போட்டோ எடுத்து அனுப்பினேன். புதிதாக ஒரு ரூபாய் கடன் வாங்கக் கூடாது, யாருக்கும் ஜாமீன் கையெழுத்துப் போடக் கூடாது. சம்பளத்தில் தவணை போக மிச்சத்தை எதற்கெல்லாம் செலவு செய்யலாம் என்று அந்தக் கம்பெனி மேடம் போனிலேயே கணக்குப் போட்டுக் கொடுத்தார்.

"வேற செலவு ஏதாவது இருக்கா சார்?"

"மாசா மாசம் பௌர்ணமிக்குச் சொந்தக்காரங்க வருவாங்க மேடம். சாப்பாடு, காபி, போகும்போது குழந்தைங்க கையில ஏதாவது..."

"வேணாம்னு சொல்லிடுங்க சார்."

அவர் ஊரில் நிலா வெறும் நிலாவாகத்தான் இருக்கும் போலிருக்கிறது. அந்தச் செலவுக்கு நேரே பூஜ்யம் விழுந்தது.

அதற்குள் ஒரு தங்கும் விடுதியில் ரிசப்ஷன் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். திட்டப்படி வாழ்வது அப்படி ஒன்றும் கஷ்டமில்லை. ஒரு நாள் சாம்பார் வைத்தால் அடுத்த நாளும் அதேதான். வேலைக்கு நடந்து போகலாம். ஃப்ரிட்ஜ், டிவி, அம்மாவின் அண்டா எல்லாம் ஏற்கெனவே போயாயிற்று, அதனால் வீடு கூட்டுவது சுலபம். பசித்தால் அன்னதானம் எங்கேயாவது நடக்கும், இந்த ஊரில் சோற்றுக்கா பஞ்சம்! ஆனால் நம் ஏரியாவில் தட்டேந்தி நிற்க முடியுமா? தெரிந்தவன் பார்ப்பான். மலைக்குப் பின்பக்கம், அடி அண்ணாமலை வரைக்கும் நடந்துபோய், வெளியூர்க்காரன் மாதிரி தோளில் துண்டு போட்டுக்கொண்டு வரிசையில் நிற்பேன். ஒருமுறை ஒரு அம்மா "எந்த ஊருங்க நீங்க?" என்று கேட்டார். "ஆற்காடுங்க" என்றேன். சொந்த ஊரில் அசலூர்க்காரனாக நிற்பதற்கும் ஒரு நெஞ்சழுத்தம் வேண்டும்.

கஷ்டம் வேறு இடத்தில் இருந்தது. போன் அடிப்பது நின்றுபோனது. திட்டத்தில் சேர்ந்த பிறகு வசூல்காரர்கள் கூப்பிடக் கூடாதாம். கல்யாணப் பத்திரிகைகள் வந்தன, மொய் எழுதக் காசில்லாமல் ஒன்றுக்கும் போகவில்லை, பிறகு பத்திரிகையும் குறைந்தது. பௌர்ணமிக்கு வருகிறோம் என்றவர்களிடம் "அன்னைக்கு டூட்டி, வூடு பூட்டியிருக்கும்" என்றேன். நிஜமாகவே சாயங்கால டூட்டிதான் போட்டார்கள். ரெண்டு மூன்று மாதத்தில் அவர்கள் கேட்பதையே விட்டுவிட்டார்கள். எப்போதாவது போன் அடித்தால், எவனாவது வசூல்காரன் விதியை மீறிக் கூப்பிடுகிறானோ என்று ஆசையாகக்கூட எடுத்திருக்கிறேன். சிரிக்காதீர்கள். எனக்குப் பேச ஆள் வேண்டியிருந்தது.

அக்காவுக்கு மட்டும் இது தெரியக் கூடாது என்பதில் பிடிவாதமாக இருந்தேன். காரணம் இருக்கிறது. அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது என்னிடம் காசு இல்லையென்று தெரிந்ததும் கழுத்துச் சங்கிலியைக் கழற்றி அடகு வைத்தவள் அவள். அதற்கு அவள் மாமியார் வீட்டில் வாங்கிய பேச்சு கொஞ்சநஞ்சமல்ல. "பொறந்த வூட்டுக்கு வாரிக் குடுக்கிறவ" என்று வருஷக்கணக்கில் குத்திக் காட்டினார்கள். என் கதை தெரிந்தால் மறுபடியும் கழுத்தில் கை வைப்பாள். எனக்குத் தெரியும். காலி வீட்டை ஒருமுறை பார்த்தால் போதும், அவளுக்கு யாரும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. அதனால் அவளையும் வராமல் பார்த்துக்கொண்டேன்.

பொங்கல்தான் மாட்டிவிட்டது. அப்பா அம்மா போன பிறகு அவளுக்குப் பொங்கல் வரிசை வைக்க வேண்டியவன் நான் ஒருவன்தான். அரிசி, வெல்லம், கரும்பு, ஒரு புடவை. பெரிய செலவா? இல்லைதான். ஆனால் திட்டத்தில் இல்லாத செலவு. ஒரு தவணை தப்பினால் வங்கிகள் பழைய வட்டிக்குப் போய்விடும் என்று மேடம் சொல்லியிருந்தார். அக்காவுக்குப் போன் செய்து, "விடுதியில இன்னும் போனஸ் போடலக்கா. அடுத்த மாசம் சேத்து எடுத்தாறேன்" என்றேன். "எங்கடா ஓடிப் போவுது, மெதுவா குடு" என்றாள். அவள் இவ்வளவு சுலபமாக விட்டதில் எனக்கு நிம்மதியும் வந்தது, கொஞ்சம் கோபமும் வந்தது. சண்டை போட்டிருக்கலாம்.

மாசிப் பௌர்ணமி அன்று விடுதியில் டூட்டியைக் காலைக்கு மாற்றிவிட்டார்கள். மத்தியானமே வீட்டுக்கு வந்துவிட்டேன். தெருவில் கூட்டம் ஆரம்பித்திருந்தது. டூட்டி என்று சொன்னவன் வீட்டில் இருக்கலாமா? பழைய வித்தைதான். முன்கதவைப் பூட்டி, பின்பக்கமாக உள்ளே வந்து, முன்ரூமில் வெறும் தரையில் படுத்தேன். வெளியே ஆயிரக்கணக்கான ஜனம் போகிற சத்தம். குழந்தை அழுகை, ஊதல், "அரோகரா". உள்ளே நான் இருமலைக்கூட அடக்கிக்கொண்டு கிடந்தேன். இந்த ஊரில் அன்றைக்குத் தனியாக இருக்க இவ்வளவு பாடுபட்ட ஆள் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

வெயில் தாழ்ந்த நேரம். கேட் திறக்கும் சத்தம் கேட்டது. செருப்பைக் கழற்றி விடும் சத்தம். யாரோ பூட்டைத் தொட்டார்கள், அது கதவில் இடித்தது. தட்டவில்லை. கூப்பிடவில்லை. "அப்பாடா" என்று வாசல்படியில் உட்கார்ந்த அந்த ஒரு சத்தத்திலேயே தெரிந்துவிட்டது, அக்கா. டப்பா திறந்தாள். புளிச்சோற்று வாசனை கதவிடுக்கில் வந்தது. அவள் கதவில் சாய்ந்து சாப்பிட்டாள். நான் நகர்ந்துபோய் இந்தப் பக்கம் கதவருகே உட்கார்ந்தேன். இது முதல் தடவை இல்லை என்று அவள் உட்கார்ந்த விதத்திலேயே புரிந்தது. நான் டூட்டியில் இருந்த பௌர்ணமிகளிலும் அவள் இப்படி வந்து உட்கார்ந்துவிட்டுத்தான் போயிருக்கிறாள்.

அப்போது அவள் போன் அடித்தது. என் மாமா, அவள் புருஷன்.

"ஆங், சொல்லுங்க. தம்பி வூட்லதான் இருக்கேன். இப்பதான் வந்தேன், காபி குடுத்தான், குடிச்சிகினு இருக்கேன்."

நான் கதவில் காதை வைத்தேன்.

"அவனுக்கு இன்னா, நல்லாதான் இருக்கான். வேலை ஜாஸ்தி, அதான் கொஞ்சம் எளைச்சிட்டான். போனை குடுக்க முடியாதுங்க, எனக்கு பஜ்ஜி வாங்கியாறேன்னு கடைக்குப் போயிருக்கான். வேணாம்னா கேக்கறானா?"

அவர் ஏதோ கேட்டார். அவள் குரல் கொஞ்சம் ஏறியது.

"ஏங்க, எத்தினி வாட்டி சொல்றது? அதான் பொங்கலுக்குப் பொடவை எடுத்துக் குடுத்தானே. அதத்தான் கட்டிகினு வந்திருக்கேன். நல்லா இருக்குதுன்னு நீங்கதான சொன்னீங்க? சும்மா என் தம்பிய எதுனா சொல்லிகினு."

நான் எந்தப் புடவையும் எடுத்துக் கொடுக்கவில்லை. மல்லாட்டைக் கடலை உரிக்கப் போய்ச் சேர்த்த கூலியில்தான் இருக்க வேண்டும், அவளே கடைக்குப் போய், அவளே எடுத்து, தம்பி கொடுத்தான் என்று அந்த வீட்டில் காட்டியிருக்கிறாள். அவளுக்கு எல்லாமே தெரிந்திருக்கிறது. யார் சொன்னார்கள், எப்போதிலிருந்து தெரியும், எதுவும் எனக்குத் தெரியாது. நான் உள்ளே ஒளிந்து என் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்தேன். அவள் வெளியே படியில் உட்கார்ந்து காப்பாற்றிக்கொண்டிருந்தாள். வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

டப்பாவை மூடினாள். எழுந்தாள். பூட்டிய கதவைப் பார்த்து, "போய்ட்டு வரேன்டா" என்றாள். நான் உள்ளே இருப்பது தெரிந்து சொன்னாளா, பழக்கத்தில் சொன்னாளா, இன்றுவரை நான் கேட்கவில்லை.

கேட் சாத்தும் சத்தம் கேட்டதும்தான் எழுந்தேன். முன்கதவை இழுக்கிறேன், வருமா? நான் போட்ட பூட்டுதானே. பின்கதவால் ஓடி, அந்த இடைவெளியில் முழங்கை சிராய்த்துக்கொண்டு முன்பக்கம் வருவதற்குள் தெருவில் அவள் இல்லை. முனைக்கு ஓடினேன். பாதை முழுக்கத் தலைகள். ஒருத்தருக்கு ஒருத்தர் இடித்துக்கொண்டு எல்லாரும் ஒரே பக்கமாகப் போகிறார்கள். சிவப்பு, பச்சை, நீலம் என்று எங்கே பார்த்தாலும் புடவை. அக்காவை எப்படிக் கண்டுபிடிப்பது? நான் எடுத்துக் கொடுத்த புடவை என்ன நிறம் என்று எனக்குத் தெரியாது.

ஒரு இளநீர் வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்று அவளுக்குப் போன் போட்டேன்.

"இன்னாடா, டூட்டி முடிஞ்சுதா?" என்றாள்.

"அக்கா, முனையிலதான் நிக்கிறேன். கூட்டத்துல உன்னத் தெரியல. நீ என்ன கலர் பொடவை கட்டியிருக்க?"

போனிலும் அரோகரா கேட்டது, என்னைச் சுற்றியும் கேட்டது. அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

"மாம்பழக் கலருடா," என்றாள். "பச்சை பார்டர். நல்லாதான் எடுத்துக் குடுத்திருக்க."