ஏழாவது பக்கம் எங்கே?

முள்கம்பி வேலி கட்டுகிறவனை நிலத்துக்காரர் உள்ளே நின்று திட்டுவார், பக்கத்து நிலத்துக்காரர் வெளியே நின்று திட்டுவார். கம்பி மட்டும் பேசாமல் கிழிக்கும். இந்தத் தொழிலில் சட்டை கிழிந்த அன்பர்களே, இது உங்களுக்குத்தான்.

எனக்கு வயது பதினேழு. அந்தோணி மாமாவிடம் வேலை. யார் குரலையும் ஒரு தடவை கேட்டால் போதும், அப்படியே பேசிக் காட்டுவேன். மாமாவுக்கோ இப்போது ஒரே கனவு. ஒரகடத்தில் முதல்முறையாக ஒரு கம்பெனி அவரிடம் நேராக வேலை கொடுத்திருக்கிறது. சூப்பர்வைசர் கையெழுத்துப் போட்டுவிட்டால், அவர்களுடைய மிச்ச மனைகளும் நமக்கே.

குட்டையை விட்டுக் கட்டு

பிள்ளைப்பாக்கத்தில் ஒரு பெரியவர். நாலு பக்கமும் நேராக அளந்து கம்பி வாங்கியாயிற்று. மறுநாள் அவருக்கு மனசு மாறிவிட்டது. "ஓரத்துல குட்டை கீது, அது இன்னாத்துக்கு? வெளிய வுட்டுட்டு உள்பக்கமா வளைச்சுக் கட்டு" என்றார்.

வளைத்தோம். கம்பி பத்தவில்லை. நேராகப் போவதைவிடக் குட்டையைச் சுற்றிப் போனால் தூரம் என்பது அவர் மாட்டுக்கே தெரியும். அவர் போட்ட கூச்சலை இன்னும் டீக்கடையில் பேசிக் காட்டிக்கொண்டிருக்கிறேன்: "நெலம் கொறைஞ்சுபோச்சு, கம்பி கூடிப்போச்சு! நீ வேலி கட்றியா, கண்கட்டு வித்தை காட்றியா?"

புளியமரத்து மூலை

இன்னொரு இடத்தில் ஒரு அக்காவும் தம்பியும் அவரவர் பங்கை அளந்து முளை அடித்திருந்தார்கள். இரண்டையும் கூட்டினால் அப்பா விட்டுப்போன மொத்த நிலத்தைவிட அதிகம்! புளியமரம் நின்ற மூலையை ரெண்டு பேருமே தங்கள் பங்கில் சேர்த்திருந்தார்கள். "ஒரே துண்டு ரெண்டு தபா ஏறிக்கினு கீது. ஒரு தபா கழிங்க" என்றார் மாமா. யார் கழிப்பது?

நான் மரத்தில் ஏறிக்கொண்டு தம்பியின் குரலில் குழைந்தேன்: "மரத்தை நீயே வெச்சுக்கக்கா." அக்கா ஒரு கணம்கூட ஏமாறவில்லை. "என் தம்பி வாயில இப்பிடி நல்ல வார்த்தை வராது. எவன்டா மரத்து மேல?"

நடுவேலி

ஒரகடத்து வேலைக்கு வருவோம். ஒட்டினாற்போல் ரெண்டு சதுர மனை, ரெண்டும் ஒரே அளவு. தனித்தனியாக வேலி போடத்தான் எஸ்டிமேட்: ஒவ்வொன்றுக்கும் நாலு பக்கம், பக்கத்துக்கு ஒரு சுருள் கம்பி, மொத்தம் எட்டு. வேலை தொடங்குவதற்குள் கம்பெனி ரெண்டையும் ஒரே மனையாக்கிவிட்டது. சூப்பர்வைசர் சுடலைமுத்து திருநெல்வேலிக்காரர். "நடுவேலி வேண்டாம்வே. ஒண்ணைக் கழிச்சு ஏழு சுருள் எடுத்துக்கிடும்" என்றார். மாமாவும் தலையாட்டினார்.

கட்டி முடித்தோம். ஒரு சுருள் பிரிக்காமலே கிடந்தது.

"ஒரு பக்கத்தை முழுங்கிட்டீரே! ஏழாவது பக்கம் எங்கவே? அதைக் காட்டாம கையெழுத்துக் கெடையாது" என்றார் சுடலைமுத்து.

தொலைந்த ஆட்டைத் தேடுகிற மாதிரி மாமாவும் அவரும் வேலியைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. ஆனால் மாமாவின் கனவும் அந்தச் சுருளோடு மண்ணில் கிடந்ததே! ரெண்டு பேரையும் மனையின் நடுவில் கொண்டுபோய் முதுகோடு முதுகு ஒட்டி நிறுத்தினேன்.

"சார், நீங்க கெழக்கு மனைக்காரர். மாமா, நீ மேற்கு மனைக்காரன். உங்க உங்க எஸ்டிமேட்டுல இந்த எடத்துல வேலி கீதா?"

"கீது" என்றார் மாமா. "இருக்கு" என்றார் சுடலைமுத்து.

நான் சுடலைமுத்து குரலுக்கு மாறினேன்: "அப்ப ஆளுக்கு ஒண்ணு கழியணும்லாவே! எட்டுல ரெண்டு போனா எம்புட்டுவே?"

மாமா கண்ணை இறுக மூடிக்கொண்டார். சுடலைமுத்து விரலை மடக்கிப் பார்த்தார், வேலியைப் பார்த்தார், பேனாவைத் திறந்து கையெழுத்துப் போட்டார். பிறகு என் பக்கம் திரும்பினார். "மீந்த சுருள் அடுத்த மனைக்கு ஆவும்ல. இன்னொரு தடவை என் குரல்ல பேசுனேன்னா, அதை உன்னச் சுத்திக் கெட்டிப்புடுவேன்."

ஆக அன்பர்களே, கம்பி குறைந்தால் வித்தைக்காரன், மீந்தால் திருடன், கணக்கு சரியாக வந்துவிட்டால் வாயை மூடு!