பின் சீட்டில் ஒரு பாட்டில் தண்ணீர்

இதைக் கதை என்று யாராவது சொன்னால் கணேசமூர்த்திக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். "கதைன்னா கடைசியில ஒரு விளக்கமாவது இருக்கும். எனக்கு அதுகூடக் கிடைக்கலையே" என்பான். முதலில் நானும் சிரித்தவன்தான். அந்த வண்டியில் ஒரு தடவை ஏறி உட்கார்ந்த பிறகு சிரிப்பதை விட்டுவிட்டேன். நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு.

1997, ஆயுத பூஜை அன்று நடந்தது. கணேசமூர்த்தி ஆம்பூர்க்காரன். பெங்களூரில் டாக்ஸி ஓட்டிக்கொண்டு, வாடகை குறைவென்று ஊருக்கு வெளியே நெலமங்களாவில் குடியிருந்தான். அவன் மனைவி வனஜாவுக்கு எட்டாவது மாதம். இதற்கு முன் இரண்டு முறை கலைந்துபோய், மூன்றாவதாகத் தங்கிய கரு. "இதுவும் போச்சுன்னா என்னால தாங்க முடியாதுங்க" என்று அவள் ஒரு ராத்திரி சொன்னதிலிருந்து, கோயில் கண்ட இடத்திலெல்லாம் இவன் வண்டியை நிறுத்திக் கும்பிட்டுக்கொண்டிருந்தான்.

வண்டி ஒரு பழைய அம்பாசடர். மூன்று மாதத்துக்கு முன் புரோக்கர் மூலம் வாங்கியது. பழைய ஓனர் முகத்தை இவன் பார்த்ததே இல்லை. "அவர் வெளியே வரமாட்டார், கையெழுத்து நான் வாங்கித் தரேன்" என்றான் புரோக்கர். வண்டி பூராவும் கிழடு. பின் சீட்டு மட்டும் புத்தம் புதுசு. ஏன் என்று கேட்க இவனுக்குத் தோன்றவில்லை. விலை குறைவாயிற்றே!

அந்த வண்டியை அவன் பார்த்துக்கொண்ட அழகைச் சொல்ல வேண்டும். விடிந்ததும் பானெட்டைத் தூக்குவான். டிப் ஸ்டிக்கை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்து, ஆயில் இரண்டு கோட்டுக்கு நடுவில் நிற்கிறதா என்று பார்ப்பான். அப்புறம் ரேடியேட்டர் தண்ணீர், பிரேக் ஆயில், பேட்டரி. சாவியைத் திருப்பினால் சிவப்பு விளக்கு எரிந்து அணைய வேண்டும். ஓடும்போது ஒரு கண் ரோட்டில், ஒரு கண் எஞ்சின் சூடு காட்டும் மீட்டரில்.

பக்கத்து வீட்டுக் காந்தா அக்கா இதற்காகவே அவனை வாருவாள். அவள் கன்னடக்காரி. தமிழும் கன்னடமும் கலந்துதான் பேசுவாள். "ஏய் கணேசா, பொண்டாட்டி மூஞ்சியை ஒருநாளாவது இப்படி உத்துப் பாத்திருக்கியாடா?"

வருஷத்தில் ஒரே ஒரு நாள் அவன் அதைச் செய்யவில்லை.

ஆயுத பூஜை அன்று ஆயுதங்களுக்கு ஓய்வு. ஸ்பேனர், ஜாக்கி, எப்போதும் டிக்கியில் கிடக்கும் தண்ணீர் கேன், எல்லாம் சந்தனப் பொட்டோடு சாமி படத்துக்கு முன் வரிசையாக உட்கார்ந்துவிட்டன. மறுநாள் காலை வரை எதையும் தொடக்கூடாது, பானெட்டையும் திறக்கக்கூடாது. வண்டியைக் குளிப்பாட்டி, முன்பக்கம் இரண்டு வாழைக்கன்றை நெருக்கமாகக் கட்டினான். கண்ணாடியில் சாமந்தி மாலை. வனஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து, ஆசை ஆசையாக ஒவ்வொரு மீட்டருக்கும் சந்தனம் வைத்துக் குங்குமம் இட்டாள். சூடு காட்டும் மீட்டரில் பொட்டு கொஞ்சம் பெரிதாகவே விழுந்தது. முள் தெரியவில்லை.

"இருக்கட்டும், நாளைக்குத் துடைச்சுக்கலாம்" என்றான். பொட்டை அன்றைக்கே அழிப்பார்களா யாராவது?

சாயங்காலம் ஆறே முக்கால் இருக்கும். குளியலறையிலிருந்து வனஜா கத்தினாள்.

ரத்தம். கால் வரை ரத்தம்.

அவளைத் தூக்கிவந்து பின் சீட்டில் படுக்க வைத்தான். காந்தா ஓடிவந்தாள். துணி நிறைந்த ஒரு பையையும் பெரிய பாட்டில் நிறையத் தண்ணீரையும் ஜன்னல் வழியாகத் திணித்தாள். "நீ ஸ்டார்ட் பண்ணு. வீட்டைப் பூட்டிட்டு நானும் வந்துடறேன்."

எஞ்சின் உறுமியது. பின்னால் கதவு சாத்தும் சத்தம். டப்.

காந்தா ஏறிவிட்டாள் என்று வண்டியை விரட்டினான்.

மல்லேஸ்வரத்தில் வனஜா காட்டிக்கொண்டிருந்த நர்சிங் ஹோம். தும்கூர் ரோட்டில் நேராகப் போனால் முக்கால் மணி நேரம். பாதி தூரம் பறந்துதான் வந்தான். "அக்கா, அவ எப்படி இருக்கா?" என்று இரண்டு தரம் கேட்டான். கண்ணாடியில் பார்க்கலாம் என்றால் மாலை மறைத்தது. கண்ணாடி வளையல்கள் உரசும் சத்தம் மட்டும் கேட்டது. நிறைய வளையல்கள். அக்கா அவள் தலையைத் தடவிக் கொடுக்கிறாள் போலிருக்கிறது என்று கொஞ்சம் ஆறுதல்.

பிறகுதான் உறைத்தது. காந்தா அக்கா கையில் ஒற்றை ரப்பர் வளையல்தான் கிடக்கும். வனஜாவுக்குக் கை வீங்கி, வளைகாப்பு வளையல்களை நேற்றே கழற்றியாகிவிட்டது.

பூஜைக்குப் போட்டிருப்பாள் என்று நினைத்துக்கொண்டான். வேறு என்ன நினைப்பது?

எதிரே லாரிகள் அசையாமல் நின்றன. ஏதோ விபத்து. ஒடித்துத் திருப்பி, பீன்யா தொழிற்பேட்டைக்குள் விட்டான். வழக்கமாக ஷிஃப்ட் ஆட்கள் மொய்க்கும் இடம். அன்று எல்லாக் கம்பெனிக்கும் பூட்டு. கரன்ட் வேறு இல்லை. கேட்டுக்குக் கேட் உடைத்துப் போட்ட பூசணிக்காய்கள், வெளிச்சம் படும்போது உள்ளே குங்குமம் சிவப்பாகத் தெரிந்தது. அவன் அந்தப் பக்கம் பார்க்காமல் ஓட்டினான்.

அப்போதுதான் பின்னாலிருந்து அந்தக் குரல்.

"குங்குமா ஒரெஸி."

குங்குமத்தைத் துடையுங்கள் என்று கன்னடத்தில் சொல்கிறாள். மெல்லிய குரல். அக்காவின் கரகரப்பு அதில் இல்லை. அக்கா அவனை எப்போதும் 'வாடா போடா' என்பவள். இன்று மரியாதை...

"என்னக்கா?"

கட்டை விரலால் மீட்டரைத் துடைத்தான்.

முள் சிவப்பைத் தாண்டி, அதற்கு மேல் போக இடமில்லாமல் ஒட்டிக்கொண்டு நின்றது.

அதே நொடியில் பானெட் இடுக்கிலிருந்து புஸ்ஸென்று ஆவி. எஞ்சினை அணைத்துக் குதித்து இறங்கினான். காரணம் கண் முன்னாலேயே நின்றது. வாழைக்கன்று! ரேடியேட்டருக்குக் காற்றே போகாமல் அவனே கட்டி வைத்த வாழைக்கன்று. பிய்த்து எறிந்தான். டிக்கியைத் திறந்தான். தண்ணீர் கேன் இல்லை. அது வீட்டில் சந்தனப் பொட்டோடு உட்கார்ந்திருக்கிறது.

ஓடினான். ஒரு கேட்டை உலுக்கினான். "யாராவது இருக்கீங்களா? ஐயா! ஸ்வாமி!" அடுத்த கேட். அதற்கடுத்த கேட். நாய்கூடக் குரைக்கவில்லை. நடு ரோட்டில் நின்று வாய்விட்டு அழுதான். ஒருநாள், ஒரே ஒருநாள் பார்க்காமல் விட்டேனே, அதற்கு இவ்வளவு பெரிய தண்டனையா என்று சாமியைத் திட்டினான்.

வண்டிக்குள்ளிருந்து வனஜாவின் முனகல். அது முன்னைவிடச் சன்னமாக இருந்தது.

ஆற விடுவதற்கு நேரம் ஏது? துண்டைக் கையில் சுற்றிக்கொண்டான். பானெட்டைத் தூக்கிக் குனிந்தான். ரேடியேட்டர் மூடியைப் பிடித்தான்.

"முட்டபேடி."

தொடாதீர்கள்.

"ஆரலி."

ஆறட்டும்.

குரல் பின் சீட்டிலிருந்து வரவில்லை.

அவன் காதோரம் கேட்டது.

கழுத்தில் ஈரக்காற்று... மஞ்சள் வாசனை...

கையை உதறிக்கொண்டு பின்னால் சாய்ந்தான். உள்ளே தண்ணீர் குமுறியது. கட... கட... கட... இன்னும் அரைத் திருப்பு திருப்பியிருந்தால் அத்தனையும் முகத்தில்தான்.

திரும்பிப் பார்த்தான்.

யாரும் இல்லை.

பின் கதவு திறந்த சத்தமே கேட்கவில்லை. உள்ளே, இருட்டில், ஓர் உருவம் உட்கார்ந்திருந்தது. தலையில் முக்காடு. வனஜாவின் தலை அதன் மடியில். கை மட்டும் அசைந்தது. நெற்றியிலிருந்து பின்னந்தலை வரை... மறுபடி நெற்றியிலிருந்து...

வளையல்கள் கிணுகிணுத்தன.

அக்காதான், அக்காதான் என்று சொல்லிக்கொண்டே ரோட்டில் உட்கார்ந்திருந்தான். எவ்வளவு நேரம் என்று அவனுக்கே தெரியாது. குமுறல் அடங்கியது.

எழுந்து, பின் ஜன்னலுக்குப் போனான். பாட்டில் ஞாபகம் வந்துவிட்டது. இருப்பது அது ஒன்றுதான்.

"தண்ணி..." என்றாள் வனஜா. உதடு வெடித்திருந்தது. "தண்ணி குடுங்க..."

அவன் அப்படியே நின்றான். அவளுக்கா? வண்டிக்கா? அவளுக்குக் கொடுத்தால் வண்டி நகராது. வண்டிக்கு ஊற்றினால்... எந்தப் புருஷன் செய்வான் அதை?

முக்காடு நிமிர்ந்தது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் இருட்டுத்தான் இருந்தது.

"நனகே பேடா. காடிகே ஹாகி."

எனக்கு வேண்டாம். வண்டிக்கு ஊற்றுங்கள்.

யார் உனக்குக் கொடுத்தது, வேண்டாம் என்று சொல்ல?

அவன் அப்படி நினைப்பதற்குள் ஜன்னல் வழியே பாட்டில் நீண்டது. முழங்கை வரை பச்சை வளையல்கள். வாங்கும்போது விரல் பட்டது.

ஜில்லென்று...

வனஜாவின் உதட்டை நனைத்தான். ஒரு வாய் கொடுத்தான். மூடியைத் துண்டால் பிடித்து மெதுவாக, மெதுவாகத் திருகினான். மிச்சம் பூராவையும் சிறுகச் சிறுக ஊற்றினான். சாவியைத் திருப்பினான்.

எடுத்துக்கொண்டது!

முள்ளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஏறியது... நின்றது... கொஞ்சம் இறங்கியது. பின்னால் திரும்பவே இல்லை. அந்த வளையல் சத்தம் மல்லேஸ்வரம் வரை கூடவே வந்தது.

நர்சிங் ஹோம் வாசலில் ஆயாக்கள் ஸ்ட்ரெச்சரோடு ஓடிவந்து பின் கதவைத் திறந்தார்கள். வனஜாவை இறக்கினார்கள். கணேசமூர்த்தி குனிந்து உள்ளே பார்த்தான்.

சீட்டு காலி.

வழியில் விழுந்துவிட்டாளோ? "அக்கா!" என்று கத்திக்கொண்டு வண்டியைச் சுற்றி ஓடினான். அப்புறம் எதிரே இருந்த எஸ்.டி.டி. பூத்தில் நுழைந்து, தன் வீட்டுத் தெருமுனை மளிகைக் கடைக்குப் போன் போட்டு, காந்தா வீட்டில் போய்ப் பார்க்கச் சொன்னான். லைனில் காந்தாவே வந்தாள்.

"ஏன்டா கணேசா, இப்படியா விட்டுட்டுப் போவே? பூட்டிட்டு வர்றதுக்குள்ள பறந்துட்டியே! தெருமுனை வரைக்கும் கத்திக்கிட்டே ஓடி வந்தேன்டா. வனஜா எப்படி இருக்கா?"

ரிசீவரை வைத்தானா, கீழே போட்டானா, அவனுக்கு நினைவில்லை.

அன்று ராத்திரி ஆபரேஷனில் பெண் குழந்தை பிறந்தது. தாயும் சேயும் பிழைத்தார்கள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் இரண்டு பேரும் இல்லை என்றார் டாக்டர். மயக்கம் தெளிந்ததும் வனஜா கேட்ட முதல் கேள்வி, "அந்த அக்கா எங்க?" அவளைப் பொறுத்தவரை அது காந்தா இல்லை. "காந்தா அக்காவுக்கு வயிறு அவ்வளவு பெரிசா இருக்குமா? மடியில இடமே இல்லாம என் தலையைப் பிடிச்சுக்கிட்டு இருந்தாங்களே..."

கணேசமூர்த்தி புரோக்கரைப் பிடித்து உலுக்கி, பழைய ஓனர் வீட்டைக் கண்டுபிடித்தான். ராஜாஜிநகரில் ஒரு சந்து. மஞ்சுநாத் என்று பெயர். கதவைத் திறந்தவரின் முகம் இடது பக்கம் முழுவதும் வெந்து, தோல் சுருங்கிப் பளபளத்தது. அந்தப் பக்கம் கண்ணும் இல்லை.

வண்டி என்றதும் அவர் உட்கார்ந்துவிட்டார். இவன் வேறு எதுவும் சொல்லவில்லை. எதைச் சொல்வது? அவர்தான் சொன்னார், பாதி தமிழில் பாதி கன்னடத்தில்.

மூன்று வருஷத்துக்கு முந்தின ஆயுத பூஜை. மனைவி பாகீரதிக்கு வலி எடுத்துவிட்டது. பீன்யாவில் அதே ரோடு. முன்னால் வாழைக்கன்று கட்டியிருந்தது. அவசரத்தில் இவர் மூடியைத் திருகிவிட்டார். கொதிதண்ணீர் முகத்தில் அடித்தது. கண் தெரியாமல் ரோட்டில் உருண்டு கிடந்தார். ஆள் வந்து பார்க்கும்போது பின் சீட்டில் அவள் உயிரோடு இல்லை, வயிற்றிலிருந்த குழந்தையும் போயிருந்தது. உடம்புதான் இருந்தது.

"ஒரே பாட்டில் தண்ணிதான் இருந்தது" என்றார் மஞ்சுநாத். "அவளுக்குத் தாகம். எனக்குத் தெரியும். குடின்னு நீட்டினேன். வாங்கலை. அவ கடைசியா பேசினது அதுதான்."

அது என்ன என்று கணேசமூர்த்தி கேட்கவில்லை. வேண்டாம், சொல்லாதீர்கள் என்று எழுந்தேவிட்டான்.

"நனகே பேடா" என்றார் அவர். "காடிகே ஹாகி."

வண்டியை அவன் விற்கவில்லை. இன்றும் விடிந்ததும் பானெட்டைத் தூக்கி ஆயில், ரேடியேட்டர், பிரேக், பேட்டரி எல்லாம் பார்க்கிறான். கடைசியாகப் பின் கதவைத் திறப்பான். சீட்டில் ஒரு பாட்டில் தண்ணீர் இருக்கும். ராத்திரி பூட்டும்போது கழுத்து வரை நிரப்பி வைப்பது.

மற்றதெல்லாம் வைத்தபடி இருக்கும். அந்த பாட்டிலில் மட்டும், தினமும் காலையில், ஒரு வாய் குறைந்திருக்கும்.