திருப்பத்தில் ஆள் இல்லாவிட்டால் நேரே

துபாயின் அல் கூஸில் எங்கள் ஸ்டோரிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு கிளினிக் இருக்கிறது. அதன் வாசலில், ஆம்புலன்ஸ் நிறுத்தும் இடத்தை ஒட்டி, வெளிர் நீலத்தில் ஒரு பழைய கியர் ஸ்கூட்டர் எப்போதும் நிற்கும். பின்சீட்டில் ஒரு தகரப் பெட்டியை இரண்டு பெல்ட் போட்டு இறுக்கிக் கட்டியிருக்கும். அது டாக்டருடைய வண்டி என்றுதான் நான் வெகுநாள் நினைத்திருந்தேன். ஏசி டக்ட் செய்யும் தகடு ஒருநாள் விரலைக் கிழித்துவிட, கையில் துணியைச் சுற்றிக்கொண்டு என் பழைய ஸ்கூட்டரில் கிளினிக்குக்குப் போனேன். அன்றைக்குத்தான் அது மேட்ரனுடைய வண்டி என்று தெரிந்தது. மேட்ரன் என்றால் அங்கே தலைமை நர்ஸ், யாழ்ப்பாணத்துக்காரர். ஐம்பதைத் தாண்டியவர், கனத்த கண்ணாடி போட்டவர். எனக்கு மூன்று தையல் போட்டுக்கொண்டே ஜன்னல் வழியாக என் வண்டியைப் பார்த்தார். "வரேக்க பார்த்தனான் தம்பி, உங்கட வண்டி சரியாப் புகையுது. பெற்றோலுக்கு ஒயில் கூட விடுறியள் போல" என்றார். ஊசி குத்தியது எனக்குத் தெரியவே இல்லை.

நான் பேசாதவன். பத்தாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு அறந்தாங்கிப் பக்கத்திலிருந்து வந்தவன். அப்போது பதினெட்டு வருடமாக ஸ்டோர் கீப்பர் வேலை. அந்த வேலை எனக்காகவே செய்துவைத்ததுபோல இருக்கும். ஒரு சிறிய ஜன்னல். வெளியிலிருந்து ஒரு கை சீட்டை நீட்டும். சீட்டில் என்ஜினியர் கையெழுத்து இருந்தால் சாமானை எடுத்துக் கொடுப்பேன், இல்லாவிட்டால் சீட்டைத் திருப்பித் தள்ளுவேன். யார் கேட்கிறார்கள், எதற்குக் கேட்கிறார்கள் என்று நான் விசாரித்ததே இல்லை. நான் பேசவேண்டியதையெல்லாம் சீட்டே பேசிவிடும். அதனால் தையல் பிரிக்கப் போன அன்று மேட்ரன், "ஜனவரியில கடலில இருந்து கடலுக்கு ஓடுறம். வாறியளோ?" என்று கேட்டபோது தலையை ஆட்டிவிட்டேன். விருப்பப்பட்டு ஆட்டினேன் என்று சொல்ல முடியாது. மாட்டேன் என்று சொல்வதற்கும் வாய் வேண்டுமே.

மேற்கே ஜுமேராக் கடற்கரையில் கிளம்பி, அல் ஐனில் ஒரு இரவு தங்கி, மறுநாள் மலைகளைத் தாண்டி, கிழக்கே ஃபுஜைராக் கடலில் சக்கரத்தை நனைப்பது. இதுதான் ஓட்டம். மொத்தம் பதினொரு ஸ்கூட்டர்கள், எல்லாம் வயதானவை. முன்னால் போகிறவர் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் பெஷாவர்க்காரர். எல்லோருக்கும் அவர் பாய். நாட்டின் ஒவ்வொரு சாலையும் அவருக்கு மனப்பாடம். மற்றவர்கள் வழி தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. அதற்கென்று அந்தக் குழுவில் ஒரு முறை இருந்தது. ஒரு திருப்பம் வந்ததும் பாய் கையைக் காட்டுவார். அவருக்கு அடுத்து வருகிறவர் அங்கேயே வண்டியை நிறுத்தி இறங்கிவிட வேண்டும். பின்னால் வருகிற ஒவ்வொருவருக்கும் அவர் கை நீட்டி வழி காட்ட வேண்டும். கடைசி வண்டியில் ஒரு கம்பில் பச்சைக் கொடி கட்டியிருக்கும். அது வந்த பிறகுதான் அவர் கிளம்பலாம், அந்தக் கொடிக்கு முன்னால் சேர்ந்துகொள்ளலாம். அடுத்த திருப்பத்துக்கு அடுத்த ஆள். பாய் காலையில் உர்தூவில் சொன்னதை மேட்ரன் தமிழில் சுருக்கமாகச் சொன்னார்: "ஆள் நிண்டா திரும்புங்கோ. திருப்பத்தில ஆள் இல்லாட்டி நேரே போங்கோ. அவ்வளவுதான் சட்டம்."

அந்தப் பச்சைக் கொடி மேட்ரனுடையது. கடைசியாக வருவது அவர்தான். நன்றாக ஓட்டத் தெரிந்தவர் ஏன் கடைசியில் வருகிறார் என்று எனக்குத் தோன்றியது. நான் கேட்கவில்லை. திருநெல்வேலிக்காரர் ஒருவர் கேட்டார். அவர் கிரேன் ஆபரேட்டர், எல்லோருக்கும் அண்ணாச்சி. "முன்னுக்குப் போனா விழுறவையை எனக்குத் தெரியாது. பின்னுக்கு வந்தா எல்லாரும் என்ர கண்ணுக்கு முன்னால. மருந்துப் பெட்டியும் என்னோட" என்றார் மேட்ரன்.

முதல் நாள் முழுவதும் எனக்குச் சந்தோஷமாகவே போனது. பேசாமல் பத்துப் பேரோடு சேர்ந்திருக்க முடிகிற இடம் ஒன்று உலகத்தில் இருக்கிறது என்பதே எனக்குப் புதிதாக இருந்தது. காலைப் பனிமூட்டம் விலக விலக, மணல் முதலில் சாம்பலாகவும் பிறகு ரொட்டி நிறத்திலும் தெரிந்தது. ஓரிடத்தில் ஒட்டகங்கள் சாலையைக் கடக்கும்வரை எஞ்சினை அணைத்துவிட்டுக் காத்திருந்தோம். டீக் கடையில் அண்ணாச்சி என்னைச் சீண்டினார். "ஓய், உம்ம வண்டிக்காவது ஹாரன் இருக்கு. உமக்கு என்னவே இருக்கு?" எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். மேட்ரன் மட்டும், "அவர் வண்டி மாதிரி. சூடாக நேரம் எடுக்கும்" என்றார்.

இரண்டாம் நாள் பத்து மணி வாக்கில் பாய்க்கு அடுத்த ஆளாக நான் வந்துகொண்டிருந்தேன். மணல் முடிந்து மலைகள் தூரத்தில் நீலமாகத் தெரியத் தொடங்கிய இடம். வலப்பக்கம் ஒரு சாலை பிரிந்தது. பாய் கையைக் காட்டிவிட்டுத் திரும்பினார். நான் இறங்கி நின்றேன். நேராகப் போகிற சாலை மறுபடி மணலுக்குள்தான் போகிறது, ஒட்டகப் பண்ணைகளைத் தவிர அங்கே ஒன்றும் இல்லை என்று பாய் முன்னமே சொல்லியிருந்தார். எல்லோரும் பெட்ரோல் போடவேண்டிய பங்க் வலப்பக்கச் சாலையில் இருபது கிலோமீட்டரில் இருந்தது. மேட்ரனின் வண்டியில் ரிசர்வ்தான் மிச்சம் என்பதும் எனக்குத் தெரியும். காலையில் அவர் டேங்கைக் குலுக்கிப் பார்த்ததைப் பார்த்திருந்தேன்.

இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து வந்தார்கள். நடுவில் லாரிகளும் வந்தன. எண்ணவேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. எண்ணிக்கைக்குப் பதிலாகத்தானே கொடி இருக்கிறது. பிறகு கொஞ்ச நேரம் சாலை காலியாகக் கிடந்தது. அப்புறம் கொடி வந்தது. ஆனால் கொடிக்குக் கீழே இருந்தது நீல வண்டி இல்லை. அண்ணாச்சியின் வண்டி. "வே, என்ன முழிக்கீரு? கொடியைப் பாத்தாச்சுல்லா, கெளம்பும்!" என்று கத்திக்கொண்டே திரும்பினார்.

மேட்ரன் எங்கே என்று கேட்க இரண்டு சொல் போதும். அந்த இரண்டு சொல்லும் தொண்டை வரைக்கும் வந்தன. மேட்ரன் முன்னால் கும்பலோடு போயிருக்கலாம், கொடியை அவரே கொடுத்திருக்கலாம், நான் கேட்டு அண்ணாச்சி அதற்கும் ஒரு கிண்டல் சொல்லலாம் என்று இப்படியெல்லாம் ஒரு நொடிக்குள் நினைத்தேன். கையெழுத்து இருக்கிற சீட்டு வந்துவிட்டது, சாமானைக் கொடுத்துவிட வேண்டியதுதான் என்பதுபோலக் கிக்கரை உதைத்துக் கிளம்பிவிட்டேன்.

பங்க்கில் பத்து வண்டிகள்தான் நின்றன. பாய் எண்ணினார், மறுபடி எண்ணினார். அண்ணாச்சியின் முகம் மாறியது. வழியில் அவர் வண்டி நின்றுவிட்டதாம். மேட்ரன் உடன் நின்று, பிளக்கைக் கழற்றித் துடைத்துக் கொடுத்திருக்கிறார். தகரப் பெட்டியைத் திறக்கக் கொடிக் கம்பு இடைஞ்சலாக இருந்ததால் அண்ணாச்சி அதைப் பிடுங்கித் தன் வண்டியில் செருகியிருக்கிறார். எஞ்சின் பிடித்துக்கொண்ட சந்தோஷத்தில் அப்படியே வந்துவிட்டார். மேட்ரன் பெட்டியைக் கட்டிவிட்டு ஐந்து நிமிடம் கழித்துக் கிளம்பியிருப்பார். அவர் அந்தத் திருப்பத்துக்கு வந்தபோது அங்கே ஆள் இல்லை. ஆள் இல்லாவிட்டால் நேரே.

பாய் போன் போட்டார். போகவில்லை. திருப்பத்தில் யார் நின்றது என்று கேட்டார். "நான்" என்றேன். கொடி வந்த பிறகா கிளம்பினாய் என்று கேட்டார். "ஆமா." அதற்குமேல் யாரும் என்னைக் கேட்கவில்லை. சட்டப்படி என்மேல் தப்பே இல்லை. அண்ணாச்சிதான், "எம்மேல தப்பு, எம்மேல தப்பு" என்று சொல்லிக்கொண்டே ஹெல்மெட்டைத் தட்டிக்கொண்டிருந்தார். பாய் ஒரு கேனில் பெட்ரோல் வாங்கிக்கொண்டு, நேராகப் போகிற சாலையில் தேடக் கிளம்பினார். என்னையும் கூட்டிப்போய் அதே திருப்பத்தில் நிறுத்தினார். அந்தச் சாலை உள்ளே போய் மூன்று நான்காகப் பிரிகிறதாம். தான் ஒரு பக்கம் தேடும்போது மேட்ரன் வேறு பக்கமாகத் திரும்பி வந்தால் இங்கே ஓர் ஆள் இருக்க வேண்டும் என்றார்.

ஒன்றரை மணி நேரம் நின்றேன். குளிர்காலத்து வெயில் என்றாலும் நிழலே இல்லாத இடம். தனியாக ஒரு பெண், தீர்ந்துபோன டேங்க், போன் எடுக்காத மணல். கேட்காமல் விட்ட அந்த இரண்டு சொல்லை எத்தனை முறை வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன் என்று தெரியாது. ஒரு முறை சத்தமாகவே சொன்னேன். "மேட்ரன் எங்க?" காலியான சாலையில் அதைச் சொல்வது எவ்வளவு சுலபமாக இருந்தது.

மணலுக்குள்ளிருந்து ஒரு வெள்ளைப் பிக்கப் வந்தது. பின்னால் ஓர் ஒட்டகக் குட்டி காலை மடக்கி உட்கார்ந்திருந்தது. அதன் பக்கத்தில் கயிறு போட்டுக் கட்டிய நீல ஸ்கூட்டர். முன்சீட்டில் மேட்ரன், மடியில் ஹெல்மெட். பண்ணையில் வேலை பார்க்கும் சூடான்காரர் ஒருவர் வண்டியை ஓட்டிவந்தார். மேட்ரன் இறங்கினார். என்னைப் பார்த்ததும் அவர் முகம் வாடிவிட்டது.

"ஐயோ தம்பி! இவ்வளவு நேரமும் இதிலயோ நிண்டனீங்கள்?"

அவரே தொடர்ந்தார். "நான்தான் உங்களைக் காணேல்லை. இவ்வளவு பெரிய ஆள், கையை நீட்டிக்கொண்டு நிக்கிறார், நான் பார்க்காம நேரே போயிருக்கிறன். கண் டொக்டர் போன மாசமே சொன்னவர், கவனமா இருங்கோ எண்டு. நான் கேக்கேல்லை. சரி, இனி ஓடக்கூடாது. இதுதான் கடைசி ஓட்டம்." அழவில்லை. ஒரு நோயாளியின் ரிப்போர்ட்டை வாசிப்பதுபோலச் சொன்னார். சொல்லிக்கொண்டே ஸ்கூட்டரின் ஹாண்டிலில் படிந்த மணலைச் சால்வையின் நுனியால் துடைத்தார்.

நான் சும்மா இருந்தாலே போதும். பத்து மணியிலிருந்து மூன்று மணி நேரம் வெயிலில் இடத்தை விட்டு அசையாமல் நின்ற மனிதனாக ஆகிவிடுவேன். அப்படி ஒரு பெயர் எனக்கு வாழ்க்கையில் வந்ததில்லை. ஆனால் அந்தத் துடைக்கிற கையைப் பார்த்தேன்.

"மேட்ரன், நான் இங்க நிக்கல" என்றேன். "நீங்க வந்தப்ப இங்க யாரும் இல்ல. அண்ணாச்சி கொடியோட வந்தாரு. கொடி வந்துருச்சுன்னு நானும் போயிட்டேன். ஆனா நீங்க வரலைன்னு பாத்தேன். பாத்தேன், கேக்கல. கேக்கணும்னு தோணுச்சு, கேக்கல. இப்பதான் பாய் திரும்பக் கொண்டாந்து விட்டாரு." இந்த நாட்டுக்கு வந்த பிறகு நான் ஒரே மூச்சில் பேசிய நீளமான பேச்சு அதுதான்.

"திரும்பச் சொல்லுங்கோ" என்றார்.

திரும்பச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். தூரத்தில் மலையடிவாரத்தில் இருந்த ஒரு பலகையைப் பார்த்து அதிலிருந்த ஊர்ப் பெயரை வாய்விட்டு வாசித்தார். என் கண்ணுக்கு அந்த எழுத்து தெரியவே இல்லை.

"அப்ப என்ர கண்ணில பிழை இல்லை."

"இல்ல மேட்ரன்."

அவர் சிரிக்கத் தொடங்கினார். ஒன்றும் புரியாத சூடான்காரரும் சேர்ந்து சிரித்தார். சிரித்து முடித்த பிறகுதான் எனக்குத் திட்டு விழுந்தது. "பதினெட்டு வருஷம் ஒரு ஜன்னலுக்கு அங்கால இருந்து பழகியிட்டியள். ஒண்டு கேட்டா ஒருத்தரும் சாக மாட்டினம் தம்பி. கேக்காட்டித்தான் பாருங்கோ, ஒட்டகத்தோட வரவேண்டியிருக்கு."

பாய் கேனோடு திரும்பி வந்து, வானத்தைப் பார்த்துக் கையை ஏந்தி, பிறகு ஸ்கூட்டரை இறக்கி டேங்கை நிரப்பினார். பங்க்கில் அண்ணாச்சி இரண்டு காதையும் பிடித்துக்கொண்டு நின்றார். "நான் ஏசிறதுக்கு முதல் ஒரு தேத்தண்ணி வாங்கித் தாரும்" என்றார் மேட்ரன். அன்று மாலை வெயில் சாய்கிற நேரத்தில் பதினொரு முன்சக்கரங்களும் கிழக்குக் கடலில் நனைந்தன. அலை வந்து என் செருப்பை இழுத்துக்கொண்டு போனது. நான் சத்தமாகக் கூப்பிட்டேன், யாரோ ஓடிப்போய் எடுத்துவந்தார்கள்.

இதெல்லாம் நடந்து ஆறு குளிர்காலம் ஆகிவிட்டது. சீட்டு எல்லாம் கம்ப்யூட்டருக்குள் போய்விட்டது. ஆனால் ஸ்டோர் ஜன்னலில் யாராவது சாமான் கேட்டு நின்றால் எந்த சைட்டுக்கு, சாப்பிட்டாயா என்று இரண்டு கேள்வியாவது கேட்டுத்தான் அனுப்புகிறேன். சிலருக்கு அது எரிச்சல். மேட்ரன் கிளினிக்கிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். மகன் கனடாவுக்குக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறான். குளிர் முடியட்டும் என்று ஒவ்வொரு வருடமும் சொல்கிறார். இந்த ஜனவரியிலும் ஓடினோம். மலைக்கு ஏறும் முன் ஒரு திருப்பத்தில் நான் நின்றேன். வருகிற ஒவ்வொருவரிடமும், "மேட்ரன் பின்னால வர்றாங்களா?" என்று கேட்டேன். அண்ணாச்சி வண்டியை மெதுவாக்கி, "ஓய், இப்ப உம்ம வாயை அடைக்க ஒரு ஆள் போடணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். கடைசியில் மேட்ரன் வந்தார். என் பக்கத்தில் வேகத்தைக் குறைத்தார்.

"எல்லாரும் போயிட்டினமோ தம்பி?"

"ஒன்பது பேரும் போயாச்சு மேட்ரன். எண்ணிட்டேன்."

"அப்ப வாங்கோ" என்றார். நான் கிக்கரை உதைத்து அவருக்கு முன்னால் சாலையில் இறங்கினேன்.