செக்கிங் அக்காவின் இங்கிலீஷ்

அந்தச் சட்டைக் கம்பெனியில் கடைசி மேஜை செக்கிங் அக்காவுடையது. பதினோரு வருஷமாகக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தையல் பார்க்கிறாள். ‘இது போகக் கூடாது’ என்று அவள் சொன்னால், மேனேஜர் அதை, சரக்கைப் பார்க்க வெளிநாட்டிலிருந்து வரும் அதிகாரி அம்மாவிடம் இங்கிலீஷில் எடுத்துச் சொல்வார். அவர் வாயிலிருந்து வெளியே வரும்போது அது ‘தாராளமாகப் போகலாம்’ என்று மாறியிருக்கும். அந்த அம்மா சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போடும்போது அக்காவுக்கு வயிறு பற்றி எரியும்.

செக்கிங் இன்சார்ஜ் வேலை காலியானது. அதிகாரியிடம் நேரடியாக இங்கிலீஷில் பேசத் தெரிந்தவருக்குத்தான் என்றார்கள். அக்கா அன்றைக்கே பெயர் கொடுத்துவிட்டாள். அந்த அம்மா நடத்தும் இன்டர்வியூவுக்கு இன்னும் மூன்று மாதம் இருந்தது, ஆனால் அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

தையல் தப்பு இருக்கும் இடத்தைக் காட்ட ஒட்டும் சிவப்பு அம்பு ஸ்டிக்கரில் மிஞ்சியதை வீட்டுக்குக் கொண்டு வந்தாள். கதவு, குழாய், கரண்டி என்று ஒன்றையும் விடாமல் பெயர் எழுதி ஒட்டினாள். ‘ஹஸ்பெண்ட்’ என்று முதுகில் அம்புக்குறி ஒட்டியிருந்தது தெரியாமல் அவள் புருஷன் பாதி நாள் பஸ்ஸில் டிக்கெட் கொடுத்திருக்கிறார். பயணிகளுக்கு நல்ல பொழுதுபோக்கு.

ஆனால் ஒரு சிக்கல் இருந்தது. இத்தனை வருஷமும் அவள் கண்ணில் பட்ட இங்கிலீஷ் எல்லாம் குறைப் பட்டியலில் இருந்தவைதான். பேச வாயைத் திறந்தால் அதுதான் வரும். புருஷன் மீசையைப் பார்த்து ‘அன்ஈவன்’ என்பாள். மகள் காலேஜுக்குக் கிளம்பி நின்றால் ‘லூஸ் த்ரெட்’ என்பாள்.

“அம்மா, உனக்குக் குத்தம் சொல்ல மட்டும்தான் இங்கிலீஷ் தெரியுது. நாலு நல்ல வார்த்தையும் கத்துக்கோ” என்றாள் மகள்.

அதுவும் சரிதான் என்று பாராட்டும் வார்த்தைகளை உருப்போட்டாள். துல்லியமாக இருந்தால் ‘ஸ்பாட் ஆன்’, இதுவரைக்கும் குறையில்லை என்றால் ‘சோ ஃபார் சோ குட்’, உள்ளதைச் சொல்ல வேண்டுமென்றால் ‘டு பி ஹானஸ்ட்’. குளிக்கும்போதும் அதே பாட்டுதான். அக்கம்பக்கத்துக்கே மனப்பாடம் ஆகிவிட்டது.

அந்த நாளும் வந்தது. உள்ளே போகுமுன் மேனேஜர் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, மேஜையில் இருப்பது நம் கம்பெனி சட்டை, நாலு வார்த்தை புகழ்ந்துவிட்டு வந்தால் வேலை உனக்குத்தான் என்றார்.

அதிகாரி அம்மா சட்டையை நகர்த்தி வைத்தார். அக்கா கைப்பட்டியில் ஆரம்பித்தாள். “சோ ஃபார் சோ குட்” என்றாள். பாக்கெட்டுக்கு வந்து “ஸ்பாட் ஆன்” என்றாள். மேனேஜர் முகத்தில் ஆயிரம் வாட்ஸ் பல்பு எரிந்தது. காலருக்கு வந்ததும் அவள் விரல் நின்றது. ஒரு முனை நூலளவு நீண்டிருந்தது. வேலை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது, சும்மா இருந்தால் போதும். அவளால் முடியவில்லை.

“டு பி ஹானஸ்ட், மேடம், காலர் அன்ஈவன். ரிஜெக்ட்.”

மேனேஜர் பாய்ந்து வந்து, புது ஃபேஷன் என்று சொல்கிறாள் என இங்கிலீஷில் அடித்துவிட்டார். அதிகாரி கையைக் காட்டி அவரை நிறுத்தினார். மேனேஜரே அனுப்பச் சொன்னால் என்ன செய்வாய் என்று அவளிடம் கேட்டார். உருப்போட்ட அத்தனையும் அந்த நேரம் பார்த்துக் காலை வாரிவிட்டன.

“நோ” என்றாள். “ஐ சே நோ, மேடம்.”

அதிகாரி காலரைத் தானும் தடவிப் பார்த்தார். பிறகு அவள் முகத்தைப் பார்த்து நிதானமாக இங்கிலீஷில் சொன்னார். திங்கட்கிழமையிலிருந்து நீதான் இன்சார்ஜ், எது போகும் எது போகாது என்பதை என்னிடம் நேராகச் சொல், நடுவில் யாரும் வேண்டாம் என்றார். அக்காவுக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

மேனேஜர் தொண்டையைச் செருமிக்கொண்டு, அம்மா என்ன சொல்றாங்கன்னா என்று ஆரம்பித்தார்.

“வேண்டாம் சார். எனக்கே புரிஞ்சிடுச்சு” என்றாள் அக்கா.